நடு அறைப் பாடு

கஸ்தூரியம்மாள் வாயைத் திறந்தால் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் வலை பின்னுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருப்பாலைவனம், காட்டூர் என்று தெருத்தெருவாய்க் கூவி வளர்ந்த வாய் அது. அப்பேர்ப்பட்ட வாய் ஒரு நாள் பூராவும் மூடிக் கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? என்ன ஏது என்று ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பொன்னேரி கோர்ட்டிலிருந்து அமீனா வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போன நாள் அது. எண்பத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துளசிங்கம், சிங்காரம், கன்னியப்பன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். ஒரே ஓடத்தில் தொழில் செய்தவர்கள். முகத்துவாரம் நன்றாகத் திறந்து ஏரி இறாலை வாரிக் கொடுத்த ஒரு காலத்தில், மூவரும் சேர்ந்து கரையோரம் ஓடு போட்ட வீடு கட்டினார்கள். கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் மூன்று அறை. முன்னால் நீளத் தாழ்வாரம். பின்னால் ஒரே அடுப்படி, ஒரே கிணறு. ஓடத்தை இழுத்து நிறுத்த வீட்டுக்கென்று ஒரு துறை. கிழக்குக் கோடி அறை ஏரியைப் பார்த்தது. கொண்டல் காற்று வந்துவிட்டால் சித்திரை வெயிலிலும் போர்வை கேட்கும். மேற்குக் கோடி அறை தெருவைப் பார்த்தது. வெயில் அடித்தாலும் வெளிச்சம் உண்டு. நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. அதில் படுத்து எழுந்தவர்களுக்குப் பாய் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஏரி அறை யாருக்கு என்று எந்த வீட்டிலும் அடிதடி வந்திருக்கும். இவர்களுக்கு வரவில்லை. ஏரியில் எல்லா இடமும் ஒன்றா என்ன? ஓரிடத்தில் வலை போட்டால் இறால், இன்னோரிடத்தில் வெறும் சேறு. அதனால் வருஷா வருஷம் தை மாசத்தில் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். சேறு விழுந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான். அடுத்த வருஷம் அவனுக்கும் இறால் விழும். அண்ணன் தம்பிகள் வீட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பாடு முடிந்த மறுநாள், வலையில் கட்டுகிற தக்கை மூன்றை எடுத்துக் கரியால் கோடு போட்டு ஒரு பானைக்குள் போடுவார்கள். ஒரு கோடு வந்தால் ஏரி அறை, இரண்டு கோடு நடு அறை, மூன்று கோடு தெரு அறை. அன்றைக்கே சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் இடம் மாறும். அந்த வருஷம் பூராவும் அதுதான் அவரவர் அறை.

கஸ்தூரியம்மாள் நடுவுள்ள சிங்காரத்தின் சம்சாரம். சிங்காரம் காமாலையில் போனான். போகும்போது ஏரி அறையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று அவள் சொல்லுவாள். அதற்கப்புறம் அவள் கைக்கு ஒற்றைக் கோடு வரவேயில்லை. நடு அறை, தெரு அறை, மறுபடியும் நடு அறை. தக்கைக்கும் தனக்கும் ஏதோ பழைய பகை என்று பானையையே திட்டுவாள்.

கடைசித் தம்பி கன்னியப்பனும் போன பிறகு அவன் சம்சாரம் ராஜம்மா, பங்கெல்லாம் மகன் பேரிலேயே இருக்கட்டும் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். மகன் மூர்த்தி எண்ணூரில் கம்பெனி வேலைக்குப் போனவன். அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். திருவொற்றியூரில் மனை வாங்கப் பணம் தேவைப்பட்டது. தன் மூன்றில் ஒரு பங்கை ராயபுரத்து இறால் ஏற்றுமதிக்காரர் திருவேங்கடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. திருவேங்கடத்துக்கு அறை எதற்கு? அவர் கண்ணெல்லாம் அந்தத் துறையின் மேல். அங்கே ஐஸ் கொட்டகை போட்டால் ஏரி இறால் பூராவும் அவர் தராசில்தான் ஏறும். பங்கை வாங்கிய கையோடு கோர்ட்டுக்குப் போனார். மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கிற வீட்டை இனி கூட்டாக வைக்க முடியாது, பிரித்துக் கொடுங்கள், பிரிக்க முடியாவிட்டால் மொத்தமாக ஏலம் விட்டுப் பணத்தைப் பங்கு போடுங்கள் என்று பிராது.

பொன்னேரியில் தானியேல் வக்கீலிடம் போனார்கள். ஒல்லியான மனிதர், மூக்குப்பொடிப் பழக்கம், கட்சிக்காரரிடம் அதட்டிப் பேசமாட்டார். கோர்ட்டுக்கு என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சுவர் வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒரே அடுப்படியிலும் ஒரே கிணற்றிலும் எங்கே சுவர் வைப்பது? பிரிக்க முடியாது என்று பட்டால் ஏலம் விடச் சொல்லலாம். ஏலத்துக்குப் போனால் திருவேங்கடத்தை எதிர்த்துக் கேட்கிற வசதி தோணிரேவில் யாருக்கும் இல்லை.

"அப்ப எங்க கதி அவ்ளோதானா வக்கீலய்யா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"இன்னொரு வழி இருக்கும்மா. குடும்பம் குடியிருக்கிற வீட்டுல வெளி ஆளு ஒருத்தன் பங்கு வாங்கிட்டு, பிரிச்சுக் குடுன்னு அவனே கேஸ் போட்டா, குடும்பத்து ஆளுங்க, அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கிறோம்னு கேக்கலாம். கோர்ட்டு ஒரு விலை போடும். அந்த விலைக்கு அவன் குடுத்துத்தான் ஆவணும். மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா வீடு அதுவரைக்கும் பாகம் பிரியாத வீடா இருக்கணும். முன்னாடியே பிரிச்சாச்சுன்னா இந்த வழி அடைபட்டுடும்."

"நாங்க எங்க பிரிச்சோம்? சாவு வந்தாலும் ஒரே அடுப்புலதான் கொழம்பு வெக்கிறோம்."

அப்படித் தெம்பாகத்தான் திரும்பி வந்தாள். கெடுத்தது மூத்தவர் துளசிங்கம்.

வீட்டைப் பார்த்து எழுதிவரக் கோர்ட்டு ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. தெற்கத்திப் பிள்ளை. ஏரியையே அன்றைக்குத்தான் பார்க்கிறான். துளசிங்கம் எண்ணூர்க் கடலில் புயலடிக்கிறபோது பாய் கட்டிப் போன ஆள்தான். ஆனால் பேண்ட்டுப் போட்டவன் எதிரில் வந்தால் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். வீட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கமிஷனர் கேட்டான். "ஆளுக்கொரு பாடுங்க சார். கட்டுன அன்னிக்கே பாடு பிரிச்சிக்கினோம்" என்று இவர் மரியாதையாகச் சொன்னார். அவன் என்ன செய்வான் பாவம், தன் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டான். சகோதரர்கள் ஆளுக்கொரு பாகமாக முன்பே பிரித்துக்கொண்டார்கள் என்று அறிக்கை கோர்ட்டுக்குப் போய்விட்டது.

தானியேல் அதைப் படித்துச் சொன்ன அன்று கஸ்தூரியம்மாள் பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. நாக்கா அது, தாம்புக் கயிறா, பாகம் பிரிச்சாச்சுன்னு எவன் கிட்டயோ சொல்லிட்டு வந்து கருவாடும் கூழுமாத் தின்னுக்கினு உக்காந்துகீறியே மாமா என்று பிடிபிடி என்று பிடித்தாள். நான் பாகம்னு சொல்லவே இல்லை, பாடுன்னுதான் சொன்னேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பாகம், பாடு என்ற இரண்டு சொல்லும் இருவர் காதிலும் விழத்தான் செய்தன. ஆனால் மூச்சு விடுவதை யாராவது யோசித்துப் பார்ப்பார்களா? பாடு அவர்களுக்கு அப்படி. அதில் வக்கீலிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

ராஜம்மா இந்தச் சண்டை எதிலும் கலந்துகொள்ளவில்லை. மகன் விற்ற சேதி தெரிந்த நாளிலிருந்து அவள் அறையில் படுப்பதை விட்டுவிட்டாள். அடுப்படியில், விறகுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தாள். கஸ்தூரியம்மாள் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "எனக்கு இங்க இன்னாக்கா பாத்தியதை கீது? நீ போடற சோறே எனக்கு அதிகம்" என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கஸ்தூரியம்மாள் சோற்றுத் தட்டை அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். கேஸில் தோற்றால் தானாவது மகள் வீட்டுக்குப் போகலாம். இவள் எங்கே போவாள்? அந்த ஒரு நினைப்புதான் அவளைப் பொன்னேரிக்கும் தோணிரேவுக்குமாக நடையாய் நடக்க வைத்தது.

தை பிறந்தது. ஊர்ப் பாடு முடிந்தது. வீடு நிற்குமா போகுமா என்று இருக்கும்போது வீட்டுப் பாடு எதற்கு என்று துளசிங்கம் இழுத்தார். கோர்ட்டு வேலையைக் கோர்ட்டு பார்க்கட்டும், நம்ம வேலையை நாம பார்ப்போம் என்று கஸ்தூரியம்மாள் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். ராஜம்மா கை நீட்ட மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். மீதி இருவரும் எடுத்தார்கள். துளசிங்கத்துக்கு நடு அறை, இவளுக்குத் தெரு அறை. யாரும் எடுக்காத தக்கையில் ஒற்றைக் கோடு இருந்தது. ஏரி அறை அந்த வருஷம் ஆளில்லாமல் நின்றது.

அவள் நடு அறையிலிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வரும்போது தானியேல் வக்கீல் பஸ் இறங்கி வெயிலில் வேர்த்து வந்து நின்றார். துளசிங்கத்திடம் இன்னொரு தடவை விசாரித்துப் பார்க்கலாம் என்று வந்தவர். வாசலெல்லாம் சட்டி பானையும் பாயும் இறைந்து கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்னம்மா இது, வீட்டைக் காலி பண்றீங்களா? கேஸ் முடியறதுக்குள்ள பயந்துட்டீங்களே."

"காலியா? இன்னா பேச்சு இது வக்கீலய்யா. பாடு மாத்திக்கினு கீறோம். மாமா தெரு ரூம்லேர்ந்து நடு ரூமுக்குப் போறாரு, நான் தெரு ரூமுக்குப் போறேன். வருசா வருசம் நடக்கறதுதானே."

தானியேல் அப்படியே தாழ்வாரத் திண்டில் உட்கார்ந்தார். வருஷா வருஷமா என்று கேட்டார். எல்லா அறையிலும் எல்லாரும் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார். தக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடி டப்பாவைத் திறந்தவர் பொடி போட மறந்துவிட்டார். ஏரியில் பாடு உண்டு என்று பொன்னேரியில் பிறந்த அவருக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் அதே பாடு என்று யார் நினைப்பார்கள்? அப்புறம் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, அந்த ஒல்லி உடம்புக்குள் அத்தனை சிரிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு இறால் தொக்கும் மடவை மீன் குழம்புமாகச் சோறு போட்டார்கள். வெளியில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பங்குனியில் விசாரணை வந்தது. கஸ்தூரியம்மாள் விடியலில் கூடை மீனை விற்றுவிட்டு மீன் வாடையோடு அப்படியே போனதால் பெஞ்சில் அவளுக்கு இரு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. திருவேங்கடம் வெள்ளை வேட்டியும் மோதிரமுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார். வீடு முன்பே பிரிந்தது என்று நிரூபிக்க அவர் பக்கம் கொண்டுவந்த சாட்சி வேறு யாரும் இல்லை, மூர்த்தியேதான். டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினான். பெரியம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை. சின்ன வயதில் அவன் மூக்கைத் துடைத்துவிட்டது தன் முந்தானைதான் என்று அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

திருவேங்கடத்தின் வக்கீல் சுருக்கமாகக் கேட்டார். மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி அறைதானே? ஆமாங்க. ஒரு குடும்பத்து அறையில் இன்னொரு குடும்பம் புழங்குமா? புழங்காதுங்க. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. போதும் என்று வக்கீல் உட்கார்ந்தார். கஸ்தூரியம்மாளுக்கு, தான் அண்டாவையும் பாயையும் தெருவில் வைத்துவிட்டு ராஜம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவே கண்ணுக்குள் தெரிந்தது.

தானியேல் எழுந்தார். அவசரமே படவில்லை. கல்யாண வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"ஏம்ப்பா மூர்த்தி, உங்க குடும்பத்துக்கு இருந்தது எந்த அறை?"

மூர்த்தி யோசிக்கவே இல்லை.

"எந்த வருசத்துக்குக் கேக்கறீங்க?"

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. எழுதிக்கொண்டிருந்த முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தான் சொன்னது பெரியவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று மூர்த்தி விளக்கமாகவே சொன்னான்.

"இல்லீங்கய்யா, நான் பொறந்தப்ப நடு ரூமு. எனக்குக் காது குத்துனப்ப ஏரி ரூமு. எங்க நைனா தவறுனப்ப தெரு ரூமு. எந்த வருசம்னு சொன்னாத்தானே எந்த ரூமுன்னு சொல்ல முடியும்?"

"அப்படியானால் இந்த அறை இன்னாருக்குச் சொந்தம் என்று என்றைக்குமே இல்லையா?" என்று முன்சீப் கேட்டார்.

"அது எப்டிங்க இருக்கும்? பாடுதானுங்களே. பிரிச்சுக்கினா அப்புறம் பாடு எதுக்குப் போடணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் போன போக்கில் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு விளங்கிற்று. விளங்கி என்ன பிரயோஜனம்? முன்சீப் விடவில்லை. தக்கை, கோடு, பானை, தை மாசம் என்று ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கினார். எண்ணூருக்குப் போய் இத்தனை வருஷமாகியும் தோணிரேவுப் பிள்ளை தோணிரேவுப் பிள்ளைதான். பாடு என்று வந்துவிட்டால் தப்பாகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த துளசிங்கம் குனிந்து, நானும் பாடுன்னுதானே சொன்னேன் என்று கிசுகிசுத்தார். கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூண்டில் நிற்கிறவனை இழுத்துப்போட்டு முதுகில் நாலு வைக்க வேண்டும், வைத்த கையோடு கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டையும் கோர்ட்டில் செய்யக்கூடாது என்பதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஆடியில் தீர்ப்பு. வீடு பாகம் பிரியாத குடும்ப வீடு. ஏலம் கிடையாது. திருவேங்கடம் வாங்கிய பங்கைக் கோர்ட்டு போட்ட விலைக்குக் குடும்பத்தார் வாங்கிக்கொள்ளலாம், மார்கழிக்குள் கட்ட வேண்டும். தானியேல் கடைசி வரியைப் படித்துச் சொன்னதும் கஸ்தூரியம்மாள் கோர்ட்டு வாசல் என்றும் பார்க்காமல் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்றைக்கு அவள் போட்ட குலவையில் எதிரில் இருந்த டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டார்.

பணத்துக்கு என்ன செய்வது என்ற கவலையை ஊர் தன் தலையில் போட்டுக்கொண்டது. இந்த வீட்டில் ஜெயித்தது நம்ம பாடுதானே என்றார்கள். ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்து இறால் ஏறுகிற இடத்துப் பாட்டை, ஒரு அமாவாசை மீன்வேட்டை முழுக்க, துளசிங்கத்தின் ஓடத்துக்கே விட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் வேறு எவரும் வலையை நனைக்கவில்லை. கோர்ட்டில் வாய் திறக்கப் பயந்த துளசிங்கம் தண்ணீரில் இறங்கியதும் இளந்தாரி ஆகிவிட்டார். கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று, வலையைச் சுற்றி வளைத்து, மழையையும் வாடைக் காற்றையும் ஏகவசனத்தில் திட்டிக்கொண்டே இழுத்தார். வந்தது பாருங்கள் இறால், கைநீள இறால், மீசை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ஓடம் விளிம்பு வரை தண்ணீரில் இறங்கித் தள்ளாடிக் கரைக்கு வந்தது.

இறாலை யாருக்கு எடை போடலாம் என்று கேட்டார்கள். "திருவேங்கடம் ஏஜெண்டுக்கே போடுங்க. நல்லா பேரம் பேசிப் போடுங்க" என்றாள் கஸ்தூரியம்மாள். போட்டார்கள். அந்த ஆள் கொடுத்த துட்டைத்தான் தன் ஒற்றை மூக்குத்தி விற்ற காசோடு சேர்த்துக் கோர்ட்டில் கட்டினாள். அவர் பணத்தாலேயே அவரை வெளியே அனுப்பிய கதையைத் திருப்பாலைவனம் சந்தையில் அவள் சொல்லாத நாள் கிடையாது. மீன் வாங்க வராதவர்களும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுபடி தை வந்தது. ஊர்ப் பாடு முடிந்த மறுநாள் காலை, தாழ்வாரத்தில் பானையை வைத்தாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். மூர்த்தியும் வந்திருந்தான். வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வா என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கஸ்தூரியம்மாள் மூன்று தக்கையை உள்ளே போட்டுக் குலுக்கினாள். நேராக அடுப்படிக்குப் போனாள். சாம்பலும் புகையுமாக உட்கார்ந்திருந்த ராஜம்மாவின் முன்னால் பானையை நீட்டினாள்.

"எடு."

"எனக்கு எதுக்குக்கா? என் பங்குதான் போயிடுச்சே."

"போன பங்கை வாங்கியாச்சு. அது இப்ப எங்களுது. எங்க பங்கை யாருக்குப் பாடு விடணும்னு எந்தக் கோர்ட்டும் எங்களுக்குச் சொல்ல வேணாம். எடுடின்றேன்."

ராஜம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். ஒற்றைக் கோடு. அடுப்படி வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஓவென்று கூவினார்கள். ராஜம்மா விறகின் மேலேயே உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆனாலும் தக்கையை மட்டும் விடவில்லை.

துளசிங்கம் எடுத்தார். மூன்று கோடு. மிச்சம் இருந்ததை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் கஸ்தூரியம்மாள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கோடும் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"நாசமாப் போற பானை. கேஸு நடத்துனவ நானு, மூக்குத்தி வித்தவ நானு, மறுபடியும் எனக்கு நடு ரூமா?"

ஊரே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் முந்தானையை வரிந்து கட்டினாள். தெரு அறைக்குள் போய் அண்டாவைத் தூக்கினாள். தாழ்வாரத்தில் வந்து வாசலைப் பார்த்தாள்.

"டேய் மூர்த்தி, செருப்பைப் புடிச்சிக்கினு இன்னாடா நின்னுக்கினு கீற? உங்கம்மா சாமானை எடுத்து ஏரி ரூம்ல வை. பெரிய கோணியை நீ தூக்கு, அவ இடுப்பு தாங்காது."

சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், அண்டாவோடு நடு அறைக்குள் போனாள். உள்ளே இருட்டு, வழக்கமான புழுக்கம். விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் பாயை உதறிப் போட்டாள்.